பிரித்துப் பார்த்த பெருந்தகை ஜி.டி. நாயுடு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

மனிதர் ஒவ்வொருவருக்கும் ஏதேனும் ஒன்றைச் சேர்த்து வைக்கும் ஆசை உண்டு. நம் கல்லூரியிலேயே அஞ்சல் தலை சேர்ப்பவர் உண்டு. பழைய நாணயம் சேர்ப்பவர் உண்டு. தீப்பெட்டிப் படம் சேர்ப்பவரும் உண்டு. எனக்கு வாய்த்த ஆசை சற்று விந்தையானது. சாவி கொடுத்தால் ஓடும் கார், பேட்டரி போட்டால் சுழலும் ராட்டினம், துளையிட்ட தகடுகளைத் திருகாணியால் பூட்டிச் செய்யும் பாரந்தூக்கி முதலிய பழைய மோட்டார் பொம்மைகளை நான் சேர்த்து வருகிறேன். இந்த ஆசை சரியா, தவறா என்று எனக்கே ஐயம் எழுந்த நாளில், ஒரு பெரியவரின் வாழ்க்கை எனக்கு வழி காட்டியது. கோவை மண் தந்த அந்த மேதையின் வரலாற்றை நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் பெட்டியும் என் கவலையும்

எங்கள் ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே கரிசல் காட்டில் இருக்கும் ஒரு சிற்றூர். அப்பா மதுரை கீழமாரட் வீதி வெங்காய மண்டிகளில் மூட்டை தூக்கும் தொழிலாளி. விடியுமுன் பேருந்து ஏறிப் போய் இருட்டிய பின் திரும்புவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

எனக்கு ஆறு வயதிருக்கும்போது, சித்திரைத் திருவிழாவுக்கு அழைத்துப் போன அப்பா, தமுக்கம் பொருட்காட்சியில் ஒரு தகரப் படகு வாங்கித் தந்தார். திரியை ஏற்றி உள்ளே வைத்தால் டப டப என்று ஒலித்துக்கொண்டு தண்ணீரில் தானே ஓடும் படகு அது. அது எப்படி ஓடுகிறது என்று அறியும் ஆவலில் வீட்டுக்கு வந்ததும் அதைப் பிளந்துவிட்டேன். உள்ளே ஒரு சிறு தகரக் குப்பியும் இரண்டு குழாய்களும் இருந்தனவே தவிர, நான் எதிர்பார்த்த சக்கரம் எதுவும் இல்லை. திரும்பப் பூட்டவும் தெரியவில்லை. அன்று முழுவதும் அழுதேன். குப்பியில் உள்ள நீர் ஆவியாகிக் குழாய் நீரை வெளியே தள்ளுகிறது, ஆவி குளிர்ந்ததும் நீர் மீண்டும் உள்ளே வருகிறது, அந்தத் தள்ளலில்தான் படகு நகர்கிறது என்னும் உண்மை கல்லூரியில் வெப்பவியல் பாடம் கேட்ட பிறகே எனக்கு விளங்கியது.

பிளந்த படகில் தொடங்கிய சேகரிப்பு இன்று இருபத்து மூன்று பொம்மைகளாக வளர்ந்திருக்கிறது. அவற்றுள் தலையாயது ஒரு மரப்பெட்டி. சென்ற ஆண்டு மதுரையில் ஒரு காயலான் கடையில் அதைக் கண்டேன். சிவப்பும் பச்சையும் பூசிய, வரிசையாகத் துளையிட்ட இரும்புப் பட்டைகள், பித்தளைப் பற்சக்கரங்கள், சாவி கொடுத்துச் சுழற்றும் ஒரு சுருள்வில் மோட்டார். தகடுகளில் மெக்கானோ என்னும் பெயர் பதிந்திருந்தது. கடைக்காரர் எடை போட்டுப் பார்க்காமலே ஐந்நூறு ரூபாய் கேட்டார். என் சட்டைப் பையில் சரியாக ஐந்நூறு ரூபாய் இருந்தது. அது புத்தகம் வாங்க அப்பா கொடுத்த பணம்.

அன்றிரவு அம்மா கடிந்துகொண்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தோளில் தழும்பேறிய அவருடைய கழுத்தைப் பார்த்தபோது, மூட்டை சுமந்து வந்த காசைத் துருவேறிய பொம்மைக்குக் கொடுத்துவிட்டோமே என்று குற்ற உணர்வு என்னை வாட்டியது. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். பல வாரம் அதைத் திறக்கவே இல்லை.

லிவர்பூல் கணக்கரின் கண்டுபிடிப்பு

அப்பெட்டியின் வரலாற்றை நூலகத்தில் தேடிப் படித்தேன். மெக்கானோவைக் கண்டவர் பிராங்க் ஹார்ன்பி. 1863இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தவர். இறைச்சி இறக்குமதி வணிகர் ஒருவரிடம் கணக்கராக இருந்தவர். பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர். தம் பிள்ளைகளுக்காகத் தகட்டை வெட்டிப் பாலமும் பாரந்தூக்கியும் செய்து கொடுத்தபோது, ஒவ்வொரு பொம்மைக்கும் புதிதாகத் தகடு வெட்டுவானேன் என்று அவர் எண்ணினார். எல்லாப் பட்டைகளிலும் அரை அங்குல இடைவெளியில் ஒரே அளவுத் துளை இட்டுவிட்டால், அதே துண்டுகளைக் கொண்டு இன்று பாலமும் நாளை வண்டியும் பூட்டலாம் அல்லவா? இந்த எளிய எண்ணத்துக்கு 1901இல் காப்புரிமை பெற்றார். 1907இல் அதற்கு மெக்கானோ என்று பெயர் சூட்டினார். பின்னர் சுருள்வில் மோட்டாரும் மின்மோட்டாரும் அதனோடு சேர்ந்தன. 1934இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹார்ட்ரீ, போர்ட்டர் என்னும் இருவர் இந்த மெக்கானோ துண்டுகளைக் கொண்டே வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் கணக்கீட்டு எந்திரம் ஒன்றை அமைத்தனர் என்றால், இப்பொம்மையின் ஆற்றலை எண்ணிப் பாருங்கள்! ஹார்ன்பி 1936இல் மறைந்தார். லிவர்பூல் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. இன்று அப்பழைய பெட்டிகளை உலகெங்கும் தேடிச் சேர்க்கிறார்கள்.

இதைப் படித்தபோது ஒரு வினா எழுந்தது. இங்கிலாந்துச் சிறுவனுக்கு எந்திரத்தைப் பிரித்துப் பூட்டிப் பழக ஒரு பெட்டி கிடைத்தது. அதே காலத்தில் நம் தமிழ்நாட்டுச் சிறுவனுக்கு என்ன கிடைத்தது? இதற்கு விடை, எங்கள் துறை கோவைக்குச் சென்ற கல்விச் சுற்றுலாவில் கிடைத்தது. அவினாசி சாலையில் உள்ள ஜி.டி. நாயுடு தொழிற்காட்சியைக் கண்டு வெளியே வந்தபோது, கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டி என் நினைவுக்கு வந்தது.

கலங்கல் தந்த பிள்ளை

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். ஹார்ன்பி காப்புரிமை பெற்றபோது இவருக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் இவருக்குப் பிடிக்கவில்லை. தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றது. ஆயினும் தமிழில் கிடைத்த நூல்களைத் தாமே படித்து அறிவை வளர்த்துக்கொண்டார். தந்தையின் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த அவருடைய வாழ்வைத் திசை திருப்பியது ஒரு மோட்டார் சைக்கிள்.

வருவாய்த் துறையைச் சேர்ந்த ஆங்கில அதிகாரி ஒருவர் அவ்வட்டாரத்தில் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் வந்து போனார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானே ஓடுவதைக் கண்ட இளைஞர் துரைசாமி வியந்து நின்றார். பார்த்து வியந்தவர் ஊரில் பலர். ஆனால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாமல் உறங்கமாட்டேன் என்று எண்ணியவர் இவர் ஒருவரே. கோவைக்குச் சென்று உணவு விடுதி ஒன்றில் பரிமாறுபவராக வேலைக்குச் சேர்ந்தார். ஆண்டுக் கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்து, சில நூறு ரூபாய் ஆனதும் அந்த வண்டியையே அதிகாரியிடமிருந்து விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊரைச் சுற்றிப் பெருமை பேசவில்லை. அக்கக்காகக் கழற்றினார்! ஒவ்வோர் உறுப்பும் எதற்காக, எதனோடு சேர்கிறது என்று ஆராய்ந்து மீண்டும் பூட்டினார். வண்டி ஓடியது. ஆசானும் இல்லை, பாடநூலும் இல்லை. பொறியியலின் முதற்பாடத்தை அவர் அப்படித்தான் கற்றார். லிவர்பூல் சிறுவனுக்குத் தந்தை கடையில் வாங்கித் தந்த பெட்டியை, கலங்கல் இளைஞர் எச்சில் இலை எடுத்துத் தாமே சம்பாதிக்க வேண்டியிருந்தது. நான் கேட்ட வினாவுக்கு இதுதான் விடை.

பழனிக்குப் போன பேருந்து

இடையில் திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கினார், பொருள் சேர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வணிகம் செய்தார், அனைத்தும் போயிற்று. வெறுங்கையோடு ஊர் திரும்பியவர் சோர்ந்துவிடவில்லை. கோவையில் தொழில் நடத்திய ஆங்கிலேயப் பெருமகனார் ராபர்ட் ஸ்டேன்ஸ் இவருடைய திறமையை அறிந்து கைகொடுத்தார். 1920இல் ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார்.

இங்கே மதுரைக்காரர்களாகிய நாம் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 1985இல் திண்டுக்கல் மாவட்டம் பிரியும் வரையில் பழனி நம் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. ஆகவே நாயுடு அவர்களின் முதற்பேருந்து வந்து நின்றது நம் மாவட்டத்து மண்ணில்தான். 1911இல் மதுரையில் தோன்றிய டி.வி.எஸ். நிறுவனத்தை நாம் அறிவோம். அடுத்த பத்தாண்டில் கொங்கு நாட்டிலிருந்து வந்த இந்தப் பேருந்தையும் நாம் அறிய வேண்டும்.

ஒரு பேருந்து பலவாகி, யு.எம்.எஸ். என்னும் நிறுவனம் எழுந்தது. 1933இல் அதனிடம் 280 பேருந்துகள் இருந்தன. முதலாளி ஆன பிறகும் அவர் கை கருவியை விடவில்லை. எந்திரத்தின் அதிர்வைச் சோதிக்கும் கருவி முதலியவற்றைத் தம் பட்டறையிலேயே உருவாக்கினார்.

கையளவு மோட்டார்

1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து, இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று போற்றப்படும் மோட்டாரை உருவாக்கினார். அதுவரை மின்மோட்டார் என்றால் கப்பலில் வர வேண்டிய பொருள். பின்னாளில் கோவை, மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர் பெற்ற நகரமாயிற்று. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கிணறுகளில் நீர் இறைக்கும் மோட்டார்களில் கோவைப் பெயர் பொறித்த தகடுகளைக் காணலாம். கமலை இறைத்த மாடுகளுக்கு ஓய்வு கொடுத்த தொழிலுக்கு விதை போட்டவர்களுள் இவரும் ஒருவர்.

காட்சியகத்தில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது பெரிய எந்திரம் எதுவும் அன்று. முகச்சவரம் செய்யும் ஒரு சிறு கருவி. ரசந்த் என்னும் பெயர் கொண்ட அக்கருவி, உலர் மின்கலத்தால் சுழலும் சிறு மோட்டாரைக் கொண்டது. வெளிநாடுகளிலும் விற்பனையானது. என் பொம்மை மோட்டாரும் அதே இனம்தான். நம் பொம்மை மோட்டாரைப் பிரித்தால் இரண்டு வளைந்த காந்தங்கள், அவற்றின் நடுவே செப்புக்கம்பி சுற்றிய மூன்று முனைச் சுழலி, மின்னோட்டத்தின் திசையை மாற்றிக் கொடுக்கும் திசைமாற்றி, அதைத் தொட்டு நிற்கும் இரண்டு தகடுகள் ஆகியவை இருக்கும். குழந்தை விளையாடி எறியும் அளவுள்ள ஒன்றைக் கொண்டு வீட்டுக்குப் பயன்படும் பொருளைச் செய்யலாம் என்று கண்ட கண்தான் மேதையின் கண்.

மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, வாக்குகளைப் பதிவு செய்யும் எந்திரம், திரைப்படக் கேமராவுக்கான தூரம் சரிசெய்யும் கருவி என்று அவர் செய்தவை பல. கேமரா அவருக்கு மற்றொரு காதல். 1936இல் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார். பருத்தியிலும் பப்பாளியிலும் புதுவகைகளை வளர்த்துக் காட்டினார்.

மலிவு என்னும் இலட்சியம்

இக்கண்டுபிடிப்புகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அவற்றினூடே ஓடும் இழை ஒன்று தெரிகிறது. ஏழைக்கும் எட்டும் விலை என்பதே அது. வானொலி வசதி படைத்தோர் வீட்டில் மட்டும் ஒலித்த 1941ஆம் ஆண்டில், ஐந்து வால்வு வானொலியை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். 1952இல் இருவர் அமரும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய்க்குத் தர முன்வந்தார். அதற்கு அரசின் உரிமம் கிடைக்கவில்லை, கார் வெளிவரவில்லை. தோல்விகளும் அவருக்கு உண்டு. தேர்தலில் நின்று தோற்றிருக்கிறார்.

கல்வியிலும் அவருக்கென்று ஓர் எண்ணம் இருந்தது. 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் தோன்ற அவர் பொருளும் உழைப்பும் தந்தார். இன்றைய கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அதுவே. நான்காண்டுப் பொறியியல் படிப்பை இரண்டாண்டில் கற்பித்துவிடலாம் என்று அவர் வாதாடினார். அரசு ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார்.

இந்த ஒரு கருத்தில் எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை என்பதைப் பணிவோடு சொல்ல விரும்புகிறேன். பிரித்துப் பார்த்தாலே புரிந்துவிடும் என்பது அவரைப் போன்ற மேதைக்குப் பொருந்தும். படகைப் பிளந்துவிட்டு அழுத என் போன்றோருக்கு ஆசிரியர் வேண்டும். திசைமாற்றி ஏன் இரண்டாகவோ மூன்றாகவோ பிளவுபட்டிருக்கிறது என்பது, பேராசிரியர் கரும்பலகையில் வரைந்து காட்டும் வரை எனக்கு விளங்கியதே இல்லை. ஆனால் கரும்பலகையோடு நின்றுவிடாதே, கையிலும் எடுத்துப் பார் என்னும் அவருடைய பாடத்தை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

சேர்த்ததைத் திறந்து வைத்தவர்

நாயுடு அவர்களும் பெரிய சேகரிப்பாளர்தாம். பல நாடுகளுக்கும் சென்ற அவர் எந்திரங்களையும் கருவிகளையும் கொண்டுவந்தார். ஆயினும் அவற்றைப் பூட்டி வைக்கவில்லை. தொழிற்காட்சியாக அமைத்து, சாதாரண மக்களும் மாணவர்களும் வந்து காணத் திறந்துவிட்டார். சேர்ப்பது என்பது தனக்காக என்று எண்ணியிருந்த எனக்கு இது புதிய பாடம்.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அப்பெருமகனார் மறைந்தார். அவர் வழிவந்தோர் 2015இல் பழைய கார்களுக்கென்றே ஒரு காட்சியகத்தை அதே வளாகத்தில் திறந்தனர். 2025 அக்டோபரில் அவினாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறக்கப்பட்டு, அதற்கு ஜி.டி. நாயுடு பெயர் சூட்டப்பட்டது. பொள்ளாச்சிச் சாலையில் ஒற்றைப் பேருந்தை ஓட்டியவருக்கு ஏற்ற நினைவுச் சின்னம் அது.

அப்பாவின் இரண்டு கேள்விகள்

சுற்றுலா முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்து வெளியே வைத்தேன். துருவைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, ஒரு பாரந்தூக்கியைப் பூட்டினேன். 19 பல் உள்ள சிறு சக்கரம் 57 பல் உள்ள பெரிய சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் மூன்றில் ஒரு பங்காகும். திருப்புவிசை மூன்று மடங்காகும். அத்தகைய இணை இரண்டைத் தொடுத்தால் ஒன்பது மடங்கு. அப்பா அருகில் வந்து அமர்ந்தார். மண்டியிலிருந்து கொண்டுவந்த வெங்காயம் நான்கைத் துணியில் முடிந்து கொக்கியில் மாட்டினார். சாவியை விட்டதும் அது மெல்ல மேலே ஏறியது. அவர் முகத்தில் அன்று கண்ட மலர்ச்சியை நான் மறக்கமாட்டேன்.

அவருக்கு நாயுடு அவர்களின் கதையைச் சொன்னேன். அவர் எதுவரை படித்தவர் என்று கேட்டார். தொடக்க வகுப்புகளோடு நின்றவர் என்றேன். தாம் ஐந்தாம் வகுப்பை முடித்தவராயிற்றே என்று சொல்லிச் சிரித்தார். பிறகு இரண்டு கேள்விகள் கேட்டார். இதையே பெரிதாகச் செய்தால் மூட்டையை லாரியில் ஏற்றுமா என்பது முதற்கேள்வி. எந்திரமே ஏற்றிவிட்டால் எங்களுக்கு யார் கூலி கொடுப்பார் என்பது இரண்டாவது.

முதற்கேள்விக்கு அன்றிரவே கணக்குப் போட்டேன். 50 கிலோ மூட்டையை 1.2 மீட்டர் உயரம் தூக்கச் செய்ய வேண்டிய வேலை ஏறத்தாழ 590 ஜூல். பத்து நொடியில் தூக்கினால் திறன் 60 வாட் அளவே. ஒரு பழைய மின்விசிறி எடுக்கும் மின்சாரம்கூட இதைவிட அதிகம்! உராய்வு முதலிய இழப்புகளைச் சேர்த்தாலும் 150 வாட் மோட்டார் போதும். நம் தலைக்கு மேல் ஓரிரு விசிறி சுழலும் மின்சாரத்தில் முடியக்கூடிய வேலைக்கு அப்பாவின் கழுத்து தேய்ந்திருக்கிறது என்பதை அறிந்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்து போன்ற தெருவில் மடக்கி நிறுத்தவும், பேட்டரியில் ஓடவும், தொழிலாளர் வாங்கும் விலையில் இருக்கவும் அதை எப்படி அமைப்பது என்பதே இனி நான் கற்க வேண்டியது.

இரண்டாவது கேள்விக்கு இயற்பியல் நூலில் விடை இல்லை. அந்த எந்திரம் மண்டி முதலாளிக்குச் சொந்தமானால் அப்பாவின் அச்சம் நியாயமானதே. மூட்டை தூக்கும் தொழிலாளர்கள் சேர்ந்து அதை வாங்கித் தாமே இயக்கினால், கூலியும் போகாது, கழுத்தும் தேயாது என்று எனக்குத் தோன்றுகிறது. பொருளியல் துறை நண்பர்களும் பேராசிரியர்களும் இதைப் பற்றி எனக்கு விளக்க வேண்டுமென வேண்டுகிறேன். மலிவு விலையே இலட்சியமாகக் கொண்டு வாழ்ந்த நாயுடு அவர்கள் இன்று இருந்தால் இவ்விரு கேள்விகளையும் சேர்த்தே எண்ணியிருப்பார் என்பது என் நம்பிக்கை.

நண்பர்களே! என் இருபத்து மூன்று பொம்மைகளையும் இனி வீட்டில் பூட்டி வைப்பதாக இல்லை. அடுத்த கல்லூரி அறிவியல் கண்காட்சியில் இயற்பியல் துறை மேசையில் அவை இருக்கும். பிளந்த தகரப் படகும் இருக்கும். வந்து பாருங்கள், விரும்பினால் கழற்றியும் பாருங்கள். திரும்பப் பூட்டித் தர வேண்டும் என்பது ஒன்றே என் வேண்டுகோள்.